வங்குரோத்து லோயரின் வாக்குமூலம்

மழை… அதுவும் கொழும்பு வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில், பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்த நேரம் பார்த்து. கறுப்புக் கோட்டை நெஞ்சோடு அணைத்தபடி அருந்ததி நின்றாள். பின்னாலிருந்து ஒரு குடை அவள் பக்கம் நீண்டது.

"கோட்டுக்கு மட்டும்தான் பிடிக்கிறன். நீங்கள் வேணுமெண்டால் நனையுங்கோ."

திரும்பினாள். அவன் சிரிப்பு உதட்டில் இல்லை, கண்ணில் இருந்தது. பொல்லாத கண்கள்! பெயர் றேமண்ட். மன்னாரில் பிறந்தவன், கொட்டாஞ்சேனையில் படகு எஞ்சின் விற்கிறவன். வடக்குக் கடலில் எஞ்சினுக்குத் தடை வந்தபின் வாங்க ஆளில்லையாம்.

லோயர் என்று கோட்டே சொல்லிவிட்டது, என்ன மாதிரி லோயர் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரிகள் ஓரடி தள்ளி நிற்பார்கள். முறிந்த கம்பனிகளைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பதும், முடியாவிட்டால் இழுத்து மூடுவதும்தான் அவள் வேலை. யுத்தம் தொடங்கியபின் மூடியவைதான் அதிகம். 'வங்குரோத்து லோயர்' என்று பெயர். புதுக்கடைத் திறப்புவிழாவுக்கு அவளை மறந்தும் கூப்பிடமாட்டார்கள்.

அடுத்த மாதம் வங்கி அனுப்பிய கடன்பாக்கிக் கோப்பில் அவனுடைய கடை இருந்தது… அந்தக் குடையை மறக்காத பாவி மனம் பதறியது.

கடை வாசலில் அவளைக் கண்டதும், "அப்ப அந்தக் கோட்டு இதுக்குத்தானோ?" என்று மட்டும் கேட்டான்.

தவணை கேட்டு ஒரு வரி எழுதித் தந்தால் வங்கியோடு தானே கதைப்பதாகக் கெஞ்சினாள். இரந்து பிழைக்கமாட்டேன் என்றான். வீட்டிலும் நிம்மதியில்லை. மகள் சோற்றைப் பிசைந்தபடி இருப்பதைப் பார்த்தே அம்மா பாலேஸ்வரி விஷயத்தைப் பிடுங்கிவிட்டார். கடை முறிந்த கிறிஸ்தவ வேதக்காரன்தான் உனக்குக் கிடைத்தானோ என்று நாள்முழுக்கப் புறுபுறுத்தார்.

சீல் வைக்கப் போன அன்று அவளுக்கு அவன்மேல் அவ்வளவு கோபம். குடியிருக்கும் பகுதியை விட்டுவிட்டுப் பூட்டுவதுதான் அவள் வழக்கம். அன்று கோபத்தில் மேல்மாடியையும் சேர்த்துப் பூட்டினாள். அது அவன் படுக்கிற அறை. அவன் தானாகவே இரண்டு பூட்டுகளின் திறப்புகளையும் எடுத்து நீட்டினான். அந்த ரோசம்!

கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவு அவனுக்கு அந்த அறையின் விலாசத்தில்தான் இருந்தது. அடுத்த கிழமை சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துவிட்டார்கள். கடைக் கிளார்க் செபஸ்தியன்தான் அவளுடைய அலுவலகத்துக்கு வந்து சொன்னார்.

"சீல் வைச்ச வீட்டிலை ஆர் இருப்பினம் எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள், மிஸ்."

அவள் பொலிசுக்கு ஓடினாள். என் கையால்தானே… நான் அல்லவா அவனை நடுத்தெருவில் விட்டேன்…

பொலிஸில் சார்ஜன் சிங்களத்தில் விளக்கினார். விலாசம் இல்லாதவனை நாளைக்கே தடுப்புமுகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். யாராவது தன் வீட்டில் பதிந்து பொறுப்பெடுத்தால் விடலாமாம். வெள்ளவத்தை வீடு அருந்ததியின் பெயரில்தான் வாடகைக்கு இருந்தது. அதன் விலாசத்தைச் சொன்னாள். அம்மா கத்தினால் கத்தட்டும்.

இவர் உமக்கு என்ன முறை என்று சார்ஜன் கேட்டார். கட்சிக்காரன் என்று சொல்ல வழியில்லை, அவள் எதிர்த்தரப்பு லோயர். உறவுக்காரன் என்றால் பெயரே காட்டிக்கொடுக்கும். கூட்டிவரப்பட்ட றேமண்ட் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நான் கலியாணம் கட்டப்போறவர்" என்று சிங்களத்திலேயே சொல்லிக் கையெழுத்திட்டாள்.

அவள் அவனைத் தாங்கித் தெருவுக்குக் கூட்டிவந்தாள். அவனால் நேராக நடக்க முடியவில்லை.

"எனக்காக நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டாம்" என்றான்.

"பொலிசுக்குப் பொய் சொன்னால் என்ர தொழில் போயிடும், றேமண்ட்…" அவள் அவன் கையை இறுகப் பிடித்தாள். "நான் பொய் சொல்லேல்லை."