தராசுக்குத் தெரியாத எடை

செருப்பை ஒன்று அங்கும் ஒன்று இங்குமாக உதறிவிட்டு, அழைப்பு மணியைக்கூட அடிக்காமல் அந்தப் பெண் வக்கீலம்மாவின் அறைக்குள் வந்து நின்றாள். பின்னால் வந்த அவளுடைய அண்ணன் குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்து, தன் செருப்போடு சேர்த்து ஒரே கோட்டில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"என் வீட்டுக்காரர் துப்பாக்கி திருடிட்டார்னு பிடிச்சு வச்சிருக்காங்கம்மா. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்," என்றாள் அவள்.

கணவர் எடையளவுத் துறையில் ஸ்டோர் கீப்பர். கடைக்காரன் தராசு சரியாக நிற்கிறதா, பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறதா என்று பார்க்கிற துறை அது. புதிதாக வந்த இயக்குநருக்கு அந்த வேலை சப்பென்று இருந்தது போலும். போலீஸ் வண்டி மாதிரியே சைரனும் இரும்பு வலையும் வைத்த கறுப்பு வண்டிகளை வாங்கிக் குவித்தார். வெங்காயக் கடைத் தராசைச் சோதிக்கச் சைரன் ஊதிக்கொண்டு போய் இறங்கினார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். அதுவும் போதாமல் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் போனது.

துப்பாக்கிப் பெட்டி வந்தது, ஆணி அடித்தபடியே காப்பறையில் பூட்டப்பட்டது. நேற்றுத் தணிக்கைக்காகத் திறந்தபோது உள்ளே வைக்கோல் மட்டும்தான் இருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி ஸ்டோர் கீப்பரிடம். பணம் காணாமல் போயிருந்தால் ஜாமீனாவது கிடைத்திருக்கும். காணாமல் போனது துப்பாக்கி. ஊரில் எங்கே யார் சுடப்பட்டாலும் இனி அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும். "எங்கே வச்சிருக்கே" என்று கேட்டுக் கேட்டு அவரை அடித்திருக்கிறார்கள். நேற்று மாலை பார்த்தபோது வலது காதைப் பொத்திக்கொண்டே பேசினாராம்.

வக்கீலம்மாவின் கொழுந்தன் டீ கொண்டு வந்தான். படம் எடுப்பது அவன் தொழில். அண்ணிக்காகத் துப்பறிவது ஆசை. எதிலும் முந்திக்கொள்வதால் வீட்டில் அவனுக்கு அவசரம் என்றே பெயர். அவசரமாக ஊற்றியதில் ஒரு கிளாஸ் தளும்பியது, இன்னொன்று பாதியில் நின்றது. அந்த அண்ணன் இரண்டையும் எடுத்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டுத் தங்கையிடம் ஒன்றைக் கொடுத்தார். அதே துறையில் தலைமைச் சோதகர் அவர். ஆபீஸ் முழுக்கத் தராசண்ணன் என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லம்மா," என்றார்.

பெட்டி வந்த நாளைப் பற்றி வக்கீலம்மா விசாரித்தார். அன்று நல்ல மழை என்றாள் அந்தப் பெண். திறந்த லாரியில் நனைந்தபடியே பெட்டி வந்திருக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஸ்டோர் கீப்பர் லீவு போட்டிருந்ததால் இரவு முழுதும் அது சோதனைக் கூடத்தில் கிடந்தது. எடை போடாமல் எந்தச் சாமானையும் காப்பறைக்குள் விடுவது அந்தத் துறையில் வழக்கமில்லை. மறுநாள் வந்து எடை பார்த்தபோது கம்பெனிக் காகிதத்தில் இருந்த எடை அப்படியே நின்றதாம்.

"நனைஞ்ச பெட்டி, இருந்தும் துளி வித்தியாசம் இல்ல, நல்ல கம்பெனின்னு அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னார்," என்றாள்.

வக்கீலம்மா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

துறை அலுவலக முற்றத்தில் கறுப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் டிரைவர் அதன் இரும்பு வலையில் துண்டைக் காயப்போட்டிருந்தார். மாடியில் இயக்குநர் வக்கீலம்மாவை உட்காரச் சொல்லவில்லை. எடையில் ஏமாற்றுகிறவர்கள் கத்தி எடுக்கும் காலத்தில் வெறுங்கையோடு போகமுடியாது என்று சிறு சொற்பொழிவு ஆற்றினார். இரண்டாவது சாவி தன் மேஜை இழுப்பறையில் இருப்பதாகவும், அதைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று ஸ்டோர் கீப்பருக்குப் புத்தி சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"ஒரே நாள்ல என் ஆளுங்க நாலு ராத்திரி தூங்காத மாதிரி ஆயிட்டாங்க," என்றார் காப்பறை வாசலில் நின்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஊரில் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு துப்பாக்கி அகப்படவில்லை. அந்த அலுப்பில் பெட்டியைப் பார்க்க அனுமதித்தார்.

வைக்கோலை எல்லாரும் கிளறிவிட்டிருந்தார்கள். வக்கீலம்மா பெட்டியை ஒரு வெள்ளைத் துணிமேல் கவிழ்க்கச் சொல்லி, அடிப்பலகையைத் தட்டச் சொன்னார். பலகை இடுக்கிலிருந்து நகத்தைவிடச் சிறிய உலோகத் தகடு ஒன்று விழுந்தது. அதன் ஒரு மூலை மட்டும் மடங்கியிருந்தது.

"திருடனோட சட்டையில இருந்ததா அண்ணி?" என்று கிசுகிசுத்தான் அவசரம். அண்ணி அதை இன்ஸ்பெக்டரிடம் காட்டி, துணியோடு மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

பிறகு சோதனைக் கூடம். சுவர் அலமாரியில் கைப்பிடி வைத்த இரும்பு எடைக்கற்கள் சிறிதிலிருந்து பெரிதாக அணிவகுத்திருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பு. ஒன்றின் கைப்பிடி வளைவில் ஒரு வைக்கோல் துணுக்கு சிக்கியிருந்தது. மேஜைமேல் வெல்வெட் வைத்த பெட்டியில் நுண்ணெடைகள், மூலை மடங்கிய சின்னஞ்சிறு தகடுகள், அவற்றின் பள்ளங்களில் படுத்திருந்தன. கடைசிப் பள்ளம் காலி.

வக்கீலம்மா எல்லாரையும் அங்கேயே வரச் சொன்னார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். தராசண்ணன் தங்கைக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"இன்ஸ்பெக்டர், உங்க ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. ஊருக்குள்ள ஒரு துப்பாக்கியும் சுத்தல. அந்தப் பெட்டியில துப்பாக்கியே வரல," என்றார் வக்கீலம்மா.

எடை சரியாக இருந்ததே என்று சட்டென்று கேட்டார் இயக்குநர்.

"சரியா இருந்ததுதான் தப்பு சார். காகிதத்துல இருந்தது காய்ஞ்ச பெட்டியோட எடை. வந்தது மழையில ஊறின பலகை. எடை கூடித்தான் இருக்கணும். கூடலைன்னா, நனைஞ்சதுக்கு அப்புறம் யாரோ எடையைச் சரிக்கட்டியிருக்காங்க. நனைஞ்சதுக்கு அப்புறம் பெட்டி இருந்தது இந்தக் கூடத்துல."

கம்பெனி அனுப்பியது வைக்கோல் அடைத்த வெறும் பெட்டி. ஸ்டோர் கீப்பர் எடை போடாமல் விடமாட்டார் என்பது தெரிந்தவர்கள், இங்கிருந்த எடைக்கற்களையே உள்ளே வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். வியாபாரிகளின் தராசுகளுக்கு முத்திரை குத்தும் பருவம் தொடங்கியதும் கற்கள் தேவைப்பட்டன. இரண்டாவது சாவியால் திறந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வக்கீலம்மா இதைச் சொல்லிக்கொண்டே அந்த வைக்கோல் துணுக்கைச் சுட்டிக்காட்டினார்.

"அப்போ யார் வேணும்னாலும் செஞ்சிருக்கலாமே அண்ணி," என்றான் அவசரம்.

"கல்லை யாரும் வைக்கலாம்." இன்ஸ்பெக்டரிடமிருந்து துணியை வாங்கி மேஜைமேல் விரித்தார். "இதை யார் வைப்பாங்க? அதோ, காலியா இருக்குற பள்ளத்தோட நுண்ணெடை இது. பெட்டியை எடை போட்ட பெரிய தராசுல நூறு கிராமுக்குக் கீழ எதுவுமே தெரியாது. இந்தத் தகடு ஒரு கிராம்கூட இல்ல. வச்சாலும் ஒண்ணுதான், வைக்கலைன்னாலும் ஒண்ணுதான். திருட வந்தவன் தோராயமா வச்சு மூடிட்டுப் போயிருப்பான். காகிதத்துல இருக்குற கடைசி இலக்கம் வரைக்கும் நிறைவு பண்ணாம இதை வச்சவரால மூட முடியல. பொய் எடையையும் சரியா வச்சிருக்கார்."

வக்கீலம்மா யாரையும் கை காட்டவில்லை. அந்தப் பெண்தான் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவளுக்கு டீ கிளாஸ் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தராசண்ணன் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் தேடினேன்," என்றார் மெதுவாக. "கல்லைத் திரும்ப எடுத்தப்போ வைக்கோலை ஒவ்வொண்ணா எடுத்துத் தேடினேன். கிடைக்கல."

வருஷ முடிவுக்குள் செலவு காட்டாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும், இப்போதைக்குப் பெட்டியைக் காட்டினால் போதும், துப்பாக்கி பின்னாலேயே வரும் என்று இயக்குநர் சொன்னாராம். தராசண்ணன் நம்பினாராம். துப்பாக்கி வரவில்லை, தணிக்கைதான் வந்தது. திருட்டு என்று இயக்குநர் புகார் எழுதியபோது வாயைத் திறந்தால் ஓய்வூதியம் போய்விடும் என்று பயந்துவிட்டார். எப்படியும் மாப்பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

"இந்த ஆள் உளறுறார்," என்றார் இயக்குநர். குரல் மட்டும் பழைய குரலாக இல்லை. இன்ஸ்பெக்டர் அவரை இழுப்பறைச் சாவியைக் கொண்டுவரச் சொல்லவில்லை. தானே கூட வருவதாகச் சொன்னார். அந்தச் சாவியில் யார் விரல் பட்டிருக்கிறது, கம்பெனி யாருடையது என்று பார்க்க அவருக்கு இப்போது நேரம் இருந்தது. அவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. ஸ்டோர் கீப்பரை வெளியே கொண்டுவர வேண்டிய மனுவை வக்கீலம்மா எழுத உட்கார்ந்தார்.

கூடத்தில் ஒரு போலீஸ்காரரோடு அண்ணனும் தங்கையும் மிஞ்சினார்கள். தராசண்ணன் தயங்கித் தயங்கி, அந்தத் தகட்டை அதன் பள்ளத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டார். அது சாட்சிப் பொருள், தொடக்கூடாது என்றார் போலீஸ்காரர்.

"சின்ன வயசுல அம்மா ஒரு மிட்டாய் குடுத்தாக்கூட, எனக்குக் குறைஞ்சிடக் கூடாதுன்னு நூல் வச்சு அளந்து உடைப்பியே அண்ணா," என்றாள் அவள். அழவில்லை. "அவரை அங்க வச்சு அடிச்சிட்டு இருக்கும்போது நீ என் பக்கத்துல உக்காந்து டீயை அளந்துட்டிருந்தே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. வாசலுக்குப் போனாள். வழக்கம்போல அங்கே அவள் செருப்பும் அவர் செருப்பும் ஒரே கோட்டில் இருந்தன. தன்னுடையதை மாட்டிக்கொண்டு, கணவருக்கு மாற்றுச் சட்டை எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினாள்.