பச்சை வளை

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் காப்புக்கதவு திலகவதியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, "வாருங்கள்" என்று விரியத் திறந்தது. அவள் சட்டென்று பின்வாங்கினாள். கதவு மூடிக்கொண்டது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அவள் தங்கை மகள் நறுமுகை உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் நலவளை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மாதம்கூட ஆகாத அவள் பிள்ளை உள்ளே மூச்சிரைத்துக் கிடந்தது. சிவப்பு வளைக்குக் கதவு திறக்காது. பெற்ற தாயானாலும் அப்படித்தான்.

நலவளை வந்ததிலிருந்து கோவில்பட்டியில் யாரும் இருமலுக்குப் பயப்படுவதில்லை. உடம்புக்குள் கிருமியோடு சண்டை தொடங்கினால் வளை சிவக்கும், இல்லாவிட்டால் பச்சை. சிவந்தவர் ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாமல் வீட்டுக்குள் அடைபடுவார், மற்றவர் ஊர் சுற்றுவார். தும்மும்போது வாயைப் பொத்துவதும் கை கழுவுவதும் பழங்கதை ஆகிவிட்டன. பெண் பார்க்கப் போனால்கூட ஜாதகத்துக்கு முன்னால் வளையைத்தான் பார்த்தார்கள்.

திலகவதியின் வளை ஒருநாளும் சிவந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்பார்கள். அதற்கு நல்ல குணசாலியைத் தேடிய காலம் போய், பச்சை வளையைத் தேடும் காலம் வந்திருந்தது. தெருவில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் திலகவதிக்குத்தான் அழைப்பு. சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு, தன் நாக்கில் வைத்து இனிப்புப் பார்ப்பாள். அதே விரலை மறுபடி நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைப்பாள். நறுமுகையின் பிள்ளைக்கும் அப்படித்தான் வைத்தாள்.

அன்று காலையில்தான் டாக்டர் இம்மானுவேல் அவளைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடி அவள் தொண்டையில் எடுத்த பரிசோதனையின் முடிவைச் சொன்னார்.

"வளை கிருமியப் பாக்காதும்மா. ஒடம்பு போடுற சண்டையத்தான் பாக்கும். ஒங்க ஒடம்பு சண்டையே போடல. கிருமி வருஷக்கணக்கா ஒங்க தொண்டையில குடியிருக்கு. ஒங்கள ஒண்ணும் செய்யாது. பிஞ்சு ஒடம்பு தாங்காது."

"அப்ப எனக்கு மருந்து குடுங்க டாக்டர்."

"மருந்துப்பெட்டி செவப்பு வளைக்குத்தான் தொறக்கும். மேல எழுதிக் கேட்டேன். பச்சைக்கு என்ன வைத்தியம்னு சிரிக்காங்க. நீங்களா உள்ள போகாம இருந்துக்கங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

அதைச் சொல்லத்தான் இப்போது வந்திருந்தாள். நறுமுகை அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"உள்ள போங்க பெரியம்மா. அவன் அழுறது இங்க வரைக்கும் கேக்கு. தூக்க ஆளில்ல."

"நான்தான் தாயி அவனுக்குக் குடுத்தேன். சேனை வச்சேன்ல, என் எச்சில்ல போயிருக்கு."

நறுமுகை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள்.

"கிறுக்குத்தனமா பேசாதீங்க. நோய் என்கிட்டல்ல இருக்கு. இந்தா எரியுதே. பெத்த புள்ளைக்கு நானே குடுத்துட்டேன். என் பாவத்த நீங்க ஏன் சுமக்கீங்க?"

"இல்லடி, அவன்கிட்ட இருந்துதான் ஒனக்கு வந்திருக்கு. நான் உள்ள போனா மத்த புள்ளைகளுக்கும்..."

திலகவதி சொல்லி முடிக்கவில்லை. நறுமுகை எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். பத்தியமிருந்து மெலிந்த உடம்பில் அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததோ. கதவு "வாருங்கள்" என்றது, திறந்தது, அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. உள்ளிருந்து அதை நர்ஸ்தான் திறக்க முடியும்.

வரிசையாகத் தொட்டில்கள். திலகவதி முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"கை கழுவ எடம் எங்கம்மா? வாய்க்குக் கட்ட ஏதாச்சும் துணி?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"தண்ணித் தொட்டியெல்லாம் இடிச்சுட்டு அங்கயும் தொட்டில் போட்டாச்சு பாட்டிம்மா."

"எனக்கு நோய் இருக்கு தாயி. என்னை வெளிய விடு."

நர்ஸ் வளையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கவலையில் வந்த பேச்சு என்று நினைத்திருப்பாள். அழுத பிள்ளையை எடுத்து அவள் கையில் கொடுத்து, முந்தானையை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"புள்ளை ஒங்க மொகத்தப் பாக்கட்டும். பக்கத்துத் தொட்டில்லயும் ஒண்ணு அழுதுக்கிட்டே கெடக்கு. அதோட அம்மாவும் செவப்புதான். அதையும் கொஞ்சம் தூக்கிக்கங்க."