காலிருக்கிற திமிர்

சித்திரை மழை சொல்லிவிட்டா வருகிறது? சுள்ளென்று வெயில் எரித்துக்கொண்டிருந்த கரம்பொன்னில், திடீரென்று சடசடவென்று கொட்டத் தொடங்கிவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த பனங்கிழங்கு ஒடியலைக் கடகப் பெட்டியில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்த மேரிஜோசப்பின், வேலிப் படலைக்கு அப்பால் தெருவைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

மழைக்கு ஒதுங்க மரம் இருக்கிறது, கடை விறாந்தை இருக்கிறது. ஒன்றிலும் ஒதுங்காமல் ஒருவன் ஓடி வருகிறான் என்றால், அந்தக் காலத்தில் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தந்தான். எங்கேயோ ஓர் உயிர் போய்விட்டது. சொல்ல ஆள் வருகிறது! ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியிலே அவளுடைய அப்பு, தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை, வயிற்றில் ஒப்பரேசன் செய்துகொண்டு படுத்திருக்கிறார்...

'கர்த்தரே... எங்கடை படலையைத் தாண்டிப் போகட்டும்...'

அவன் தாண்டிப் போகவில்லை. சரியாக அவர்கள் படலைக்கு முன்னால் வந்து நின்றான். படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினான். நிமிர்ந்தபோது இமைகளில் மழைத்துளிகள் தொங்கின. பெரிய, அமைதியான கண்கள்... வேறொரு நாளென்றால் மேரிஜோசப்பின் அவற்றைக் களவாக இன்னொரு தரம் பார்த்திருப்பாள்.

"எங்கடை அப்புவுக்கு என்ன?" என்று கத்தினாள்.

வாய் திறக்க அவனிடம் மூச்சு இருந்தால்தானே! 'கொஞ்சம் பொறும்' என்பதற்காக ஒரு கையை உயர்த்தினான். உயர்ந்த கை வானத்தைக் காட்டியது. அப்பு மேலே போய்விட்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

கடகம் ஒரு பக்கம், ஒடியல் ஒரு பக்கம். "ஐயோ, என்ரை அப்பு!" என்று அவள் வைத்த கூப்பாட்டில், குசினியிலிருந்து தாய் அன்னமுத்து தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா என்ன ஏதென்று கேட்கவுமில்லை. வேலிக்கு மேலாலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். நாலு வீட்டுச் சனம் மழையோடு மழையாகக் கூடிவிட்டது.

"ஆரும் சாகேல்லை!" ஒருவழியாக அவனுக்குக் குரல் வந்தது. "ஒருத்தரும் சாகேல்லை... காலிலை முள்ளுக் குத்திப்போட்டுது. எடுக்க நிண்டனான்."

அழுகை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

"அப்ப என்னத்துக்கு ஓடினனீர்?" என்று கேட்டாள் மேரிஜோசப்பின்.

"சும்மா... மரதன் ஓட்டத்துக்குப் பழகிறன்."

வைகாசியிலே லண்டனில் புது ராசாவுக்கு முடிசூட்டு. அந்தக் கொண்டாட்டத்துக்கு ஊர்காவற்றுறைத் துறையடியிலிருந்து அல்லைப்பிட்டி வரை ஓடித் திரும்பி வரும் போட்டி ஒன்று வைக்கப்போகிறார்களாம். அதற்காக இந்த மழைக்குள் ஓட்டமாம்!

பயம் கலைந்த இடத்தில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா ஓடினனீரோ? விசரே உமக்கு? எங்கடை அம்மாவின்ரை நெஞ்சு வெடிச்சிருந்தால் ஆர் பதில் சொல்லுறது? கால் இருக்கெண்ட திமிர்! வேறை என்ன!"

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். குனிந்து தன் கால்களைப் பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

அன்று பின்னேரம் ஆசுப்பத்திரிக்குப் போனால், செத்துப் போனதாக அழப்பட்ட மனிதர் கட்டிலில் சாய்ந்திருந்து செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைச் செத்தெண்டு அழுதனியளாமே!" என்று சிரித்தவர், தையல் நோகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடி அழுதால் ஆயுசு கூடுமாம். நல்லது."

"ஆர் சொன்னது அப்பு?"

"அந்தப் பெடியன்தான். இந்த இளநியையும் கொண்டுவந்து, 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா' எண்டு கும்பிட்டிட்டுப் போறான். வேலணைக் கிறேசம்மாவின்ரை மோன், மனுவேல். கால் விளங்காத பிள்ளையாய்க் கிடந்தவன் அவன். 'நொண்டியைச் சுமந்து என்னத்துக்கு மாயிறாய்?' எண்டு ஊரே சிரிச்சது. அந்த மனிசி கேக்கேல்லை. கிழமைக்குக் கிழமை வேலணையிலையிருந்து இந்த ஆசுப்பத்திரிக்கு இடுப்பிலை சுமந்து கொண்டுவந்து காட்டினவ. வருசக்கணக்காய்! இப்ப அவவுக்கு முழங்கால் ஏலாதாம். அம்மா சுமந்த றோட்டைத் தன்ரை காலாலை ஓடி அவவுக்குக் காட்டவேணும் எண்டுறான்..."

மேரிஜோசப்பின் எழுந்து யன்னலடிக்குப் போனாள். கண் நிறைந்துவிட்டதை அப்பு பார்க்கக்கூடாது.

கால் விளங்காமல் கிடந்த ஒருவனைப் பார்த்தா அந்தச் சொல்லைச் சொன்னாய்? கால் இருக்கெண்ட திமிர்... பாவி, என்ன வாயடி உனக்கு! எப்படியாவது அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு நித்திரை.

தினமும் விடியற்காலையில் படலையடியில் நின்று பார்த்தாள். அவன் வரவில்லை. இப்போது கடற்கரை மணலில் ஓடுகிறானாம். 'என்னாலைதான்' என்று நெஞ்சு சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நேருக்கு நேர் எதிர்ப்பட்டான். அந்தக் கண்கள் அவள்மேல் வந்து தங்கின. சொல்லடி, சொல்லு... அவளோ சரியாக அந்த நேரம் பார்த்துக் கோயில் கூரையில் புறா எண்ணத் தொடங்கிவிட்டாள்! திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

வீட்டில் அந்தப் பெயரை எடுக்கவும் முடியாது. "றோட்டிலை ஓடித் திரியிற அந்தச் சனியனைப் பற்றி இஞ்சை ஒரு கதை வேண்டாம்" என்று அன்னமுத்து தீர்த்துவிட்டாள்.

போட்டி நாளும் வந்தது. வெயில் தகித்தது. தெருவின் இரு பக்கமும் சனம். வீடு திரும்பியிருந்த பஸ்ரியாம்பிள்ளை படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் கூட்டமாக ஓடிப் போனவர்களுக்குள் மனுவேலும் போனான். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மத்தியானம் தாண்ட, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். கைதட்டல், சீழ்க்கை... பிறகு அதுவும் ஓய்ந்தது. வெயில் சாய்ந்தது. சனம் கலைந்தது.

அவனை மட்டும் காணவில்லை.

'மாதாவே, அவரை விழவிடாதேயும்... எனக்காக இல்லாட்டியும் அந்தத் தாய்க்காக...'

கடைசியில் வந்தான். அதை ஓட்டம் என்று யார் சொல்லுவார்கள்? வலது கால் சுருண்டு இழுத்தது. இடது கால் அதையும் சேர்த்துச் சுமந்தது. அவர்களுடைய படலையைத் தாண்டியதும் முழங்கால் மடங்கித் தெருவில் குந்திவிட்டான்.

மேரிஜோசப்பின் தண்ணீர்ச் செம்போடு தெருவில் நின்றாள். எப்போது படலையைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"தொடாதேயும்!" என்றான் அவன் அவசரமாக. "ஆரும் பிடிச்சால் ஓட்டம் செல்லாதாம்."

"நான் பிடிக்க வரேல்லை..." செம்பை நீட்டினாள். "அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன். தெரியாமல் சொன்னனான். அதைத் திருப்பி எடுக்க வந்தனான்."

"அதைத் தரமாட்டன்."

"என்ன?"

அவ்வளவு களைப்பிலும் அந்தக் கண்கள் சிரித்தன. "சின்னனிலையிருந்து நொண்டி, நொண்டி எண்டு கேட்ட காது இது. என்ரை அம்மாவைத் தவிர ஒருத்தரும் எனக்குக் கால் இருக்கெண்டு சொன்னதில்லை. கால் இருக்கெண்ட திமிர் எண்டு நீர் பேசேக்கை... எனக்கு அழுகை வந்திட்டுது. அதை உமக்குக் காட்டாமல்தான் ஓடினனான். அண்டைக்கு வேலணை மட்டுக்கும் எப்பிடிப் போனனான் எண்டே தெரியாது."

"அப்ப ஏன் பிறகு இந்தப் பக்கம் வரேல்லை?"

"உம்மடை அம்மா இன்னொருக்கால் பயந்தாலும் எண்டுதான்."

எத்தனை நாள் நித்திரையைக் கெடுத்துவிட்டான், கள்ளன்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப எழும்புங்கோ," என்றாள். "அந்தத் திமிரை இப்ப ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்."

அவன் கையை நிலத்தில் ஊன்றினான். பல்லைக் கடித்தான். எழுந்துவிட்டான்! செம்பை வாங்கி இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "மிச்சம் அம்மாவுக்கு. நான் போய்ச் சேரும் மட்டும் அவ வாயிலை தண்ணி வைக்கமாட்டா."

அவன் ஓடினான். ஓரடி தள்ளி, சேலையை வரிந்து செருகிக்கொண்டு, செம்பின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவளும் ஓடினாள்.

"எடி மேரி! குமர்ப்பிள்ளை றோட்டிலை... வாடி உள்ளை!" அன்னமுத்து பதறினாள்.

"இஞ்சாருமப்பா, விடும்," என்ற பஸ்ரியாம்பிள்ளையின் குரல் பின்னால் கேட்டது. "அவ்வளவு தூரம் ஓடி வந்த பிள்ளையைத் தனிய அனுப்பிறதே? போகட்டும்."

மேரிஜோசப்பினுக்கு அப்புவின் காலைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

துறையடியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசு கொடுத்து முடிந்திருந்தது. பாண்டு வாத்தியக்காரர் வள்ளம் ஏறிவிட்டார்கள். முடிவுக் கோட்டடியில் ஒற்றை மாட்டுவண்டி மட்டும் நின்றது. வண்டியிலே மெலிந்த ஒரு பெண், கண்ணை எடுக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைத் தாண்டி அவன் வண்டிச் சட்டத்தில் சரிந்தான். கிறேசம்மா அவனுடைய புழுதிக் கால்கள் இரண்டையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணீரே அவற்றை நனைத்தது.

"முடிச்சிட்டியே மோனை?"

"முடிச்சிட்டன் அம்மா. நீங்கள் சுமந்த றோட்டு முழுக்க... ஓடி முடிச்சிட்டன்."

மேரிஜோசப்பின் ஒதுங்கி நின்று சேலைச் செருகலை இழுத்துவிட்டாள். இப்போதுதான் வெட்கம் வந்து தொலைத்தது.

"இது ஆர் பிள்ளை?"

"கால் இருக்கெண்டு என்னைப் பேசின பிள்ளை, அம்மா." அவன் அவளை நேராகப் பார்த்தான். "எனக்கு இவவிலை சரியான விருப்பம். அண்டைக்கு அந்த மழையிலையே... இவவுக்கும் சம்மதமெண்டால் போய்க் கேப்பியளே?"

கிறேசம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

மேரிஜோசப்பின் ஓரடி முன்னால் வந்தாள். அரைச் செம்புத் தண்ணீரை இரு கையாலும் நீட்டினாள். விடிந்ததிலிருந்து காய்ந்து கிடந்த கிறேசம்மாவின் உதடுகளைப் பார்த்தாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ, மாமி."