இரு கையிலும் ஒரு தர்பூசணி

சாந்தோம் பேராலயத்தின் வாசற்படியில் ரெஜினாவின் இடது கை தானாகப் பிடரிக்குப் போனது. அங்கே தோலோடு ஒட்டியிருந்த பட்டையை இரண்டு விரலால் கிள்ளிவிட்டு, வலது காலை உள்ளே வைத்தாள். காதில் செருகியிருந்த ஒலிமணியில் சின்னதாக ஒரு மணி அடித்தது. டொராண்டோவில் படுக்கையில் கிடக்கும் மரியநாயகம் இப்போது அவள் பார்ப்பதைப் பார்ப்பார்.

"வந்திட்டீரோ பிள்ளை?"

"வந்துட்டேன் ஐயா. பீடம் வரைக்கும் போலாமா?"

"போவம். ஆனா மெதுவா நடவும். போன முறை பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி ஓடினனீர்."

விமானப் பயணம் சாதாரண மனிதர்களுக்கு எட்டாமல் போன பிறகு, சுற்றுலா இப்படித்தான் நடந்தது. வர முடியாதவர்களுக்காக ரெஜினாவைப் போன்ற ஏந்திகள் போனார்கள். கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம், கடற்கரை. வேலையின் பெயர் தொலைதரிசனம். ஏந்தியின் கண், காது, பாதம், அதோடு நெஞ்சுக்குள் நடப்பது எல்லாவற்றையும் பிடரிப்பட்டை அனுப்பிவிடும்.

ரெஜினா பீடத்தின் முன் மண்டியிட்டாள். முட்டிக்குக் கீழே கல் குளிர்ந்தது.

"வடிவாத்தான் இருக்கு," என்றார் மரியநாயகம். "ஆனா கலண்டர்ப் படம் பாக்கிற மாதிரி இருக்கு பிள்ளை. உமக்கு உள்ளுக்க ஒண்டும் வரேல்லையோ?"

"உங்களுக்குக் காட்சி மட்டும்தான் ஐயா."

"அது தெரியும். சும்மா கேட்டனான். நான் லைன்லயே கிடக்கிறன். எங்க போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போம். எனக்கு வேற என்ன வேலை?"

காட்சி மட்டும் என்று தனியாக எதுவும் கிடையாது. பட்டை எல்லாவற்றையும்தான் அனுப்பும். அனுப்புவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஓர் இடத்தில் ஏந்திக்குள் எழுகிற உணர்வு மறுமுனைக்குப் பாயும்போது, இங்கே நரம்பில் அதன் தடம் அழிந்துவிடும். அதற்கு நகல் கிடையாது, கொடுத்தால் போனதுதான். வேலையில் சேரும்போதே சொல்லித்தான் சேர்த்தார்கள். ஒரு தேவாலயத்தில் சிலிர்ப்பு வராமல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று எல்லோரையும் போல அவளும் நினைத்தாள். முதலில் சாந்தோமைக் கொடுத்தாள். பிறகு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில், பரங்கிமலை, மெரினா மணல், எழும்பூர் அருங்காட்சியகத்தின் திமிங்கல எலும்புக்கூடு. வெறுமை அந்தந்த இடத்தோடு நிற்கவில்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஏறுவதுபோல அது வீடுவரை வந்தது. அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கணவன் எட்வின் செத்தபோது பூசை இதே பேராலயத்தில்தான் நடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கையில் தூசி படிந்திருந்தது. யார் துடைப்பார்கள் என்று யோசித்தாள். மகள் ஷெரின் அவளைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருந்தது. அது வலிக்கவும் இல்லை.

மதியம் கச்சேரி சாலை டீக்கடையில் கோதண்டம் காத்திருந்தார். பார்த்தசாரதி கோயிலையும் கபாலி கோயிலையும் முழுசாகக் கொடுத்து முடித்த பழைய ஏந்தி.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கு மேல ஏறப் போறியாமே. மெய்யாலுமா?"

"ஆமாண்ணா. ஷெரினையும் கூட்டிட்டுப் போறேன்."

ஏந்திகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஓர் இடத்தை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சொந்த இடம் என்று பெயர். கோதண்டத்துக்கு வியாசர்பாடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை போய் அழுதுவிட்டு வருவார். ரெஜினா கலங்கரை விளக்கத்தை வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் எட்வின் அவளை அங்கே கூட்டிப்போனான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மேலே போனதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்துவிட்டான். 'கூண்டு இல்லாம உசரத்துல நிக்க முடியாதுடி' என்றான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு அங்கே ஏறவே இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் மேலேதான் இருக்கும். அது இருந்தால் அழுகையும் இருக்கும்.

முந்தாநாள் ஷெரின் சண்டை எதுவும் போடாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ அப்பாவுக்காக ஒரு சொட்டு விடலம்மா. நான் ஹாஸ்டலுக்குப் போறேன். இங்க யார்கூட இருக்கேன்னே தெரியல." ஒரு தடவை என்னோடு கலங்கரை விளக்கத்துக்கு வா, பிறகு போ என்று மட்டும் ரெஜினா கேட்டுக்கொண்டாள்.

"கையில இன்னாத்த எடுத்துனு போற?" என்றார் கோதண்டம்.

அதுவும் வழக்கத்தில் சேர்ந்ததுதான். எந்த வாசலைக் கண்டாலும் ஏந்தியின் இடது கை பிடரிக்குப் போகும். பட்டையை மாதம் ஒருமுறை நிறுவனத்தில்தான் கழற்றுவார்கள். அதனால் சொந்த இடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொண்டுதான் போவார்கள்.

"நான் தேங்கா பழத்தட்டு தூக்கினு போவேன். ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். உனக்குக் கஷ்டம்தான். தோ, அத்தத் தூக்கு." எதிரே வண்டியில் குவிந்திருந்த தர்பூசணியைக் காட்டினார்.

"வெளயாடாதீங்கண்ணா."

"இன்னா வெளயாட்டு? கீழ வெச்சா உருண்டுனு பூடும். அதான் நல்லது."

ரெஜினா வாங்கினாள். நல்ல கனம். கலங்கரை விளக்கத்தின் வாசலில் ஷெரின் வந்து நின்றிருந்தாள். காவலாளி அவளையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மேல கட போடப் போறீங்களாக்கா?"

"வேண்டுதல்," என்றாள். அவன் விட்டுவிட்டான்.

லிஃப்டில் ஷெரின் ஒரு மூலையில் நின்றாள். பழத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என்ன செய்தாலும் கேட்பதை அவள் நிறுத்தி நாளாகிவிட்டது. கைகள் எதற்கு நிறைந்திருக்க வேண்டும் என்று ரெஜினாவும் மகளிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

லிஃப்டுக்கு மேலே குறுகலான படிகள். மேலே ஏற ஏறக் காற்றின் சத்தம் வந்தது. பாதிப் படியில் ரெஜினாவின் தொண்டையில் ஏதோ அடைத்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே தெரியவில்லை, அவ்வளவு காலமாகிவிட்டது. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த எட்வினின் முதுகு, வியர்வையில் நனைந்த சட்டை. இருக்கிறது. அப்படியே இருக்கிறது.

முன்னால் போன ஷெரின் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் கோணியிருந்தது. அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. குனிந்து கையை நீட்டினாள்.

"குடும்மா. நான் வெச்சிக்கிறேன். நீ பாத்து வா."

மகள் அப்படிப் பேசியே மாதங்களாகிவிட்டன. ரெஜினா கொடுத்துவிட்டாள்.

கடைசிப் படி. வாசல். வலது கால் வெளியே போனது. காதுக்குள் சின்னதாக மணி அடித்தது.

பிடரியில் தன் விரல்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மறுபடி கிள்ளினாள். இணைப்பு அறுவதற்கு ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். அது போதுமானதாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒன்று நெஞ்சுவரை வந்தது, தொண்டைக்கு வந்தது, கண்ணுக்கு வரவில்லை. அணை திறந்தாற்போல வேறு பக்கம் போய்விட்டது.

காற்று அடித்தது. கீழே சாந்தோம் கோபுரம் வெள்ளையாக நின்றது. அந்தப் பக்கம் மயிலாப்பூர். மணல், கடல், கப்பல்கள். எட்வின் ஒட்டிக்கொண்டு நின்ற சுவரில் யாரோ இரண்டு பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

காட்சி நின்றுவிட்டது. குரல் வழி மட்டும் திறந்திருந்தது.

"பிள்ளை," என்றார் மரியநாயகம். அவருக்கு மூச்சு வாங்கியது. "பிள்ளை, உது என்ன? ஆரைப் பறிகுடுத்தனீர்? எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. ஐயோ, ஆர் அந்தப் பொடியன்? எனக்குச் சிரிப்பும் வருது பிள்ளை, சிரிப்பும் வருது." பிறகு அவரால் பேச முடியவில்லை. கிழவர் வாய்விட்டு அழுதார்.

"மெதுவா மூச்சு விடுங்க ஐயா," என்றாள் ரெஜினா. வாடிக்கையாளர் கலங்கினால் சொல்லச் சொல்லிப் பயிற்சியில் கொடுத்த வாக்கியம். "பக்கத்துல தண்ணி இருக்கா? கொஞ்சம் குடிங்க. சரியாயிடும்."

ஷெரின் பழத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"யாரும்மா?"

"கஸ்டமர்."

"எதுக்கு அழறாரு?"

ரெஜினா கடல் பக்கம் திரும்பினாள். "உங்கப்பாவுக்காக," என்றாள். "எனக்கு வந்த அழுக அது. கை பழக்கத்துல பட்டையக் கிள்ளிடுச்சு, அவர்கிட்ட போயிடுச்சு. நீ பழத்த வாங்கினப்போ." குற்றம் சொல்லும் குரல் இல்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஷெரினுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பழத்தைத் தரையில் வைத்தாள். அது உருண்டு போய் எட்வினின் சுவரில் முட்டி நின்றது. அவள் அம்மாவின் காதிலிருந்த ஒலிமணியைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அம்மா எப்படி அழுவாள் என்று அவளுக்குத் தெரியாது.

சுவரோரம் உட்கார்ந்து, டொராண்டோவில் ஒரு கிழவர் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.