யானை வயிற்றில் நவநீதன்

போன் அலறியது.

எடுத்தான் சிவசங்கர். எடமலைப்பட்டி புதூரில் ஃபைபர் சிலைப் பட்டறை வைத்திருப்பவன்.

"ஸ்வாமி... ஸ்ரீரங்கத்திலேர்ந்து ரகுராம். கல்யாண மண்டப மேனேஜர். நேத்து வாசல்ல யானை இறக்கினேளே... அது வயித்துக்குள்ளேர்ந்து யாரோ தட்டறா!"

டீ டம்ளர் தரையில் விழுந்தது.

யானைக்குள் இருப்பது யார் என்று திருச்சியிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பார்ட்னர் நவநீதன்.

பிணம்!

முந்தாநாள்... யானையின் ஒரு பாதி, அதை வார்த்த அச்சான மோல்டை விட்டு வரமாட்டேன் என்றது. மர ஆப்பு அடித்தார்கள். மோல்டுதான் விரிந்தது.

"மெழுகு தேய்ச்சியாடா?" என்றான் சிவசங்கர்.

"அய்யய்யோ... மறந்துட்டேன் மாப்ளே!"

மெழுகு தேய்க்காத மோல்டில் ரெசின் பசை போட்டால், சிலையும் மோல்டும் சேர்ந்து ஒரே கல்லாகிவிடும். வருஷக்கணக்கில் சோறு போட்ட மோல்டு அது!

ஒரே தள்ளு!

இரும்புச் சட்டத்தில் தலை மோதி விழுந்தான் நவநீதன். மூச்சு... இல்லை!

மோல்டை உடைத்துப் பாதி யானையை எடுத்தான் சிவசங்கர். அதில் நண்பனைக் கிடத்தினான். சாக்கால் மூடினான். பின்கட்டுக்குப் போய் ரெசின் கலக்கி வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே மறுபாதியை வைத்து ஒட்டினான். பார்க்க எப்படி மனசு வரும்?

லாரியில் ஏற்றியவர்கள், "என்னண்ணே, பஞ்சு மாதிரி இருக்கு?" என்றது அவன் காதில் ஏறவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இப்போது தட்டுகிறானா...? உயிரோடா!

திறந்தால் ஜெயில்.

திறக்காவிட்டால்... இந்தத் தடவை தெரிந்தே செய்யும் கொலை!

கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பறந்தான். காவிரிப் பாலம் அவன் கண்ணில் படவே இல்லை.

மண்டப வாசல். நாதஸ்வரம். நடுவே...

டொக்... டொக்!

மெஷினை ஓடவிட்டான். பட்டுப்புடவை அம்மாள் ஒருவர் பதறினார்.

"என்னங்க இது! நல்ல யானையைப் போய் அறுக்கறீங்க?"

"நகருங்கம்மா! உள்ள என் நண்பன்! நான்தான் தள்ளினேன்... நான்தான் உள்ள வச்சு ஒட்டினேன்... பாவிம்மா நான்!"

வயிறு பிளந்தது.

உள்ளே... வெறும் சாக்கு!

யானைக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் எழுந்தது. தலையில் கட்டு. இரண்டு கையையும் பறட் பறட்டென்று சொறிந்தபடி...

நவநீதன்!

"வெளியே நின்னு தட்டினது நான்தான்டா. திறக்க வர்றியா, ஊரை விட்டு ஓடறியான்னு பார்த்தேன். வந்துட்டே. போ... கம்ப்ளைன்ட் குடுக்கல."

"எப்படிடா... எந்திரிச்சே?"

"ஃபைபர்னா கண்ணாடி நார்தானேடா... அது மேல படுக்கப் போட்டா? அந்த அரிப்புக்குப் பிணமே எந்திரிக்கும். நீ ரெசின் கலக்கப் போன நேரம் பார்த்து ஓடினவன்தான். தென்னூர் அக்கா வீட்ல சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்கேன்!"

சிவசங்கர் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அவர் கம்ப்ளைன்ட் குடுக்கலன்னா என்ன?" என்றார் பட்டுப்புடவை அம்மாள். "நீங்களேதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே!"

"நீங்க...?"

"இன்ஸ்பெக்டர் ஹம்ஸா. கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தேன். கையை நீட்டுங்க."

"மேடம், ஒரு நிமிஷம்!" குறுக்கே விழுந்தான் நவநீதன். "விலங்கை அப்புறம் மாட்டுங்க. அந்தக் கை எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்... முதுகு எட்டலை!"