ஆறாவது குறி

ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்றது கணினி.

மலையில் ஐந்து பாறைகளில் வெள்ளைக் கூட்டல் குறி பூசியவர் அவள் கணவர்தான். ட்ரோன் தாழப் பறந்து எடுக்கும் படங்களை அந்தக் குறிகளை வைத்துத்தான் அவள் ஒட்டி வரைபடமாக்குவாள். ஒரு மாதத்துக்கு முன் மலையேறியவர் திரும்பவில்லை. அவளுடைய அண்ணன் மூன்று நாள் ட்ரோன் விட்டுத் தேடினார். "ஈ காக்கா இல்லம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளே அவருக்கு ஆறுதல் சொன்னாள். இன்று அந்தப் படங்களைக் கொடுத்து, "இதையே வச்சு மேப்பை முடிச்சிரு, மறுபடி பறக்க வேணாம்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலை விழுங்கிக்கொண்டு மூடுபனி நின்றது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், கணினிக்குள் விசிறியின் ஓயாத இரைச்சலும், பக்கத்து அறையில் அண்ணன் நாற்காலியை நகர்த்தும் சத்தமும் சேர்ந்து மண்டையைக் குடைய, அவள் ஆறாவது குறியைப் பெரிதாக்கினாள். மேலிருந்து கயிறு கட்டினாலொழிய போக முடியாத செங்குத்துச் சரிவில் ஒரு பாறைத் திட்டு. அதில் கிழித்து விரித்த வெள்ளைச் சட்டை. கூட்டல் குறியாக. அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

திட்டுக்கு நேர் மேலே எடுத்த படங்கள் இல்லை. படங்களின் வரிசை எண்கள் நடுவில் தாவின. ஆனால் ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் முக்கால்வாசி ஏறித்தான் விழும். ஓரங்களை அழிக்க அண்ணனுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் படத்தின் ஓரத்தில் கணவர். இரண்டு கையையும் தூக்கியிருந்தார். இரண்டாம் நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் மேலே.

அண்ணன் பார்த்திருக்கிறான். மூன்று நாளும். கூடப் பிறந்தவன்.

சரிவைச் சமதளம் என்று அண்ணன் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கணவர் முரண்டு பிடித்தது ஞாபகம் வந்தது. அதற்காகவா?

"முடிஞ்சுதாம்மா?" பக்கத்து அறையிலிருந்து குரல்.

"இன்னும் கொஞ்சம்ணா."

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம்.

மூன்றாம் நாளின் கடைசிப் படம் ஒன்று மிச்சமிருந்தது. ட்ரோன் தரையிறங்கும்போது கேமரா தானாக எடுப்பது. புல்லும் காலும்தான் இருக்கும், எப்போதும் பார்க்காமலே தள்ளிவிடுவாள். திறந்தாள்.

ட்ரோன் இறங்கியிருந்தது அதே திட்டில். கயிற்றின் நுனி. அண்ணனின் ஷூ. கணுக்காலை இறுகப் பற்றிய ஐந்து விரல்கள்.

இன்னொரு ஷூ அந்த மணிக்கட்டின் மேல் இருந்தது.