கடைசி ஃபியூஸ்

கடைசி ஃபியூஸைப் பிடுங்கியபோது வீட்டில் எந்த விளக்கும் அணையவில்லை. ஆனாலும் உள்ளேயிருந்து மகள், "போச்சுப்பா!" என்று கத்தினாள்.

முக்காலிமேல் நின்றிருந்தவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாண்டுக்கு வேலை அலுத்துவிட்டது, பார்க்காமலே சொல்லிவிடுகிறாள் என்று நினைத்தான். இந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே ஹால் சுவரில் இருந்த மெயின் போர்டைக் கண்டால் அவன் மனைவிக்கு ஆகாது. "குடலை உருவி மாட்டின மாதிரி இருக்கு. யாராவது வந்தா மானம் போகுது," என்பாள். அவள் வேலைக்குப் போயிருந்த இந்த மழை நாளில் எல்லாவற்றையும் மறைத்து அவளை அசத்திவிடுவதென்று அவன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான். காலையிலேயே ஒயர்களை மூடிப் பிளாஸ்டிக் பட்டி அடித்து, அதே வேகத்தில் பெயின்டும் பூசியாயிற்று. எந்த ஒயர் எந்த அறைக்கு என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கைக்கு அது தோன்றவில்லை. அதனால்தான் போர்டுக்கு மரக்கதவு மாட்டுமுன் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி "போச்சா?" என்று அவன் கேட்பதும், அறை அறையாக ஓடி "போச்சு!" என்று மகள் சொல்வதுமாக இருந்தது.

"எந்த ரூம்டா தங்கம்?"

"இந்த ரூம்தான்."

"இந்த ரூம்னா? சமையல்கட்டா?"

"இல்லப்பா. சீக்கிரம் போடு. ரொம்ப இருட்டா இருக்கு."

தலையணையில் முகம் புதைத்துப் பேசுவதுபோல் இருந்தது குரல். பிடுங்கிய ஃபியூஸோடு அவன் இறங்கினான். ஓட்டின்மேல் மழை விடாமல் கொட்ட, ஈரச் சுண்ணாம்பும் புதுப் பெயின்டும் சேர்ந்த நெடி தொண்டையைக் கரிக்க, மீட்டரின் ரீங்காரம் முதுகுக்குப் பின்னால் கூடவே வருவதுபோல் கேட்க, ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே போனான். சமையல்கட்டில் விளக்கு எரிந்தது. படுக்கையறையிலும் எரிந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. பீரோவுக்குப் பின்னால் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு அவன் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

"அப்பா..."

ஹாலின் கோடிச் சுவரிலிருந்து வந்தது. அந்தச் சுவரோடு வீடு முடிகிறது. அப்பால் தெருதான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பட்டியைப் பிய்த்தான். பெயின்ட் உதிர்ந்தது. நகம் கிழிந்தது. கடைசி ஃபியூஸிலிருந்து துணி சுற்றிய கறுப்பு ஒயர் ஒன்று விட்டத்தை ஒட்டியே ஓடி, கோடிச் சுவருக்குள் போய் மறைந்தது.

சுவரைத் தட்டினான்.

உள்ளேயிருந்து தட்டினாள். சின்ன விரல்கள்.

"பயமா இருக்குப்பா."

"இதோ போட்டுடறேன்டா கண்ணு. அங்கேயே இரு. நகராதே."

ஓடினான். முக்காலி ஆடியது. ஃபியூஸைச் செருகினான். பொறி தெறித்தது.

கோடிச் சுவர் தரையைத் தொடும் இடத்தில், மூடிய கதவின் அடியில் தெரிவதுபோல், மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. நடுவே இரண்டு சின்னப் பாதங்களின் நிழல்.

"வந்துடுச்சு!" சிரித்தாள்.

உயிர் திரும்பியதுபோல் ஓடிப்போய்த் தரையில் விழுந்து, கன்னத்தை அழுத்திக் கூப்பிட்டான். கத்திக் கூப்பிட்டான். அவள் காதில் விழவில்லை.

"நீ எப்பப்பா உள்ள வந்தே?" என்று அவள் கேட்டாள்.

சின்னப் பாதங்களுக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய பாதங்களின் நிழல் மெல்ல வந்து நின்றது.